டாக்டர் போடாத ஷூக்கள்

இறந்துபோன பெரிய டாக்டரின் அலமாரி திறந்ததும் துப்பறியும் மேடத்தின் உதவியாளன் வால் விசிலடிக்கப் போனான். பக்கத்தில் டாக்டரின் மனைவி நிற்பது கடைசி நொடியில் நினைவுக்கு வந்து, குவித்த உதட்டைக் குவித்தபடியே நிறுத்திக்கொண்டான்.

அலமாரியில் துணிமணி ஒன்றும் கிடையாது. அடியிலிருந்து உச்சி வரை நீல நிற அட்டைப்பெட்டிகள், எல்லாவற்றிலும் ஒரே செருப்புக் கடையின் பெயர். மேடம் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார். புத்தம்புது ஷூ. சுற்றியிருந்த மெல்லிய தாள்கூடக் கசங்கவில்லை. இன்னொன்றைத் திறந்தார், அதுவும் அப்படியே. மூன்றாவதும் அதே.

"மேடம், டாக்டருக்கு ரெண்டு கால்தானே?" என்று வால் காதோரம் கிசுகிசுத்தான். "பூரானுக்கு வாங்கற அளவு இருக்கு."

"வாயை மூடு. உன் லேஸ் அவிழ்ந்திருக்கு."

வாலின் ஷூ லேஸ் எப்போதும் அவிழ்ந்துதான் இருக்கும். மேடம் முன்னால் போவார், இவன் பின்னால் லேஸை மிதித்துத் தடுமாறிக்கொண்டே போவான். வால் என்ற பட்டப்பெயர் வந்ததற்கு அவன் வாய் ஒரு காரணம், இது இன்னொரு காரணம். மேடம் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் பிட் அடிக்கிறவர்களைப் பிடித்துப் பிடித்தே கண் கூர்மையாகி, ஓய்வு பெற்றதும் துப்பறியும் ஆபீஸ் திறந்துவிட்டார். ஆபீஸில் மொத்தம் இரண்டு நாற்காலி. அதில் ஆடாத நாற்காலி மேடத்துடையது.

இந்தக் கேஸை மேடத்திடம் கொண்டுவந்தவன் வால்தான். ஏனென்றால் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவள் அவனுடைய சொந்த அக்கா.

விஷயம் இதுதான். முந்தாநாள் நோயாளிகள் எல்லோரும் போன பிறகு, பெரிய டாக்டர் தன் கிளினிக் அறையில் நாற்காலியில் சாய்ந்தபடி இறந்து கிடந்தார். மாரடைப்பு என்று எல்லோரும் ஏகமனதாக முடிவுகட்டினார்கள். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் மட்டும் வேலையில்லாமலோ, வேலையில் அக்கறையாலோ, ரத்தத்தைச் சோதித்தார். இருக்கவே கூடாத மருந்து இருந்தது. கையில் ஊசி போட்ட தடம் இல்லை. அப்படியானால் குடித்த டீயில்தான் கலந்திருக்க வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். டீ போட்டுக் கொடுத்தது நர்ஸ். மருந்து அலமாரிச் சாவியும் நர்ஸிடம். அந்த நர்ஸ்தான் வாலின் அக்கா. சாயந்திரத்துக்குள் வேறு ஆள் கிடைக்காவிட்டால் கேஸ் எழுதி உள்ளே தள்ளிவிடுவேன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். அவர் சோம்பேறிதான், ஆனால் இந்த மாதிரி வேலையைத் தள்ளிப்போடுகிறவர் இல்லை.

"இவ்வளவு ஷூ எதுக்கும்மா?" என்று மேடம் கேட்டார்.

டாக்டரின் மனைவி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அதைத்தான் நானும் கேட்டேன். அவருக்கு சக்கரை வியாதி. ரெண்டு காலும் மரத்துப் போச்சு. ஆணி குத்தினாலும் தெரியாது. ஷூ போட்டா உள்ள கடிச்சுப் புண்ணாகும், அதுகூடத் தெரியாதுன்னு ரப்பர் செருப்புதான் போடுவார். ஆனா மாசத்துக்கு ஒரு தடவை அந்தக் கடைக்குப் போவார். கிளம்பும்போது, இன்னிக்கு சொல்லிடறேன்னு சொல்லிட்டுப் போவார்."

"யார்கிட்ட? என்ன சொல்ல?"

"கேட்டா பதிலே வராது. திரும்பி வரும்போது கையில ஒரு பெட்டி இருக்கும். மூஞ்சி செத்துப்போயிருக்கும். பெட்டியை இங்க வெச்சுட்டுப் போய்ப் படுத்துடுவார்."

"அன்னிக்கு கிளினிக்குக்கு என்ன போட்டுட்டுப் போனார்?"

"செருப்புதான். ஆனா ஆஸ்பத்திரில குடுத்த பையில ஷூ இருக்கு. செருப்பு கிளினிக்ல கிடக்கும், போய் எடுத்துட்டு வரணும். எனக்குத்தான் இன்னும் மனசு வரல."

மாரடைப்பு என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில் கொடுத்த பை அது. சட்டை, பேன்ட், கைக்கடிகாரம், அடியில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ. ஆஸ்பத்திரி ஆட்கள் லேஸை அவிழ்க்காமல் அப்படியே காலிலிருந்து உருவியிருந்தார்கள். முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது.

வால் அந்த முடிச்சைப் பார்த்தான். குனிந்து மறுபடி பார்த்தான்.

எல்லோரும் லேஸை ஒரு தடவை உள்ளே விட்டு இழுத்து, மேலே பூ மாதிரி கட்டுவார்கள். இதில் உள்ளே இரண்டு சுற்று. அந்த இரண்டாவது சுற்று இருந்தால் முடிச்சு ஜென்மத்துக்கும் நழுவாது. இது வாலுக்கு எப்படித் தெரியும் என்றால், அவன் வீட்டில் பழைய பேப்பர் கட்டிலிருந்து திரைச்சீலைக் கயிறு வரை எல்லாம் இப்படித்தான் கட்டியிருக்கும். கட்டுவது அக்கா. பேச்சுவாக்கில் ஷூவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அவன் விரல் மெதுவாக லேஸின் நுனியைத் தேடியது.

"அவிழ்க்காதே," என்றார் மேடம், ஜன்னலைப் பார்த்தபடி.

"இல்ல மேடம், தூசி தட்டலாம்னு..."

"உங்க அக்கா போடற முடிச்சு. அப்படித்தானே?"

வால் ஷூவைத் திரும்பப் பையில் வைத்தான். அவன் வாய் சும்மா இருந்தால் மேடத்துக்கு அதுவே வாக்குமூலம்.

காரில் ஏறினார்கள். மேடம்தான் ஆரம்பித்தார். "உங்க அக்காவுக்கு அந்த முடிச்சை யார் கத்துக் குடுத்தது?"

"அவ முன்னாடி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் மேடம். அங்க ஒரு சர்ஜன் இருந்தாராம், பெரிய டாக்டரோட பார்ட்னர். அவர் கட்டறதைப் பாத்துப் பாத்துப் பழகிடுச்சுன்னு சொல்வா. தையல் போட்டா கோலம் மாதிரி இருக்குமாம்."

"இருந்தாராம்னா?"

"ஒரு நோயாளி டேபிள்லயே செத்துப்போயிட்டார். விசாரணை வெச்சாங்க. தப்பு சர்ஜனோடதுன்னு பெரிய டாக்டர் சொல்லிட்டார். லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்க. அதுக்கப்புறம் மனுஷன் எங்க போனார்னே யாருக்கும் தெரியாது." வால் மேடத்தின் பக்கம் திரும்பினான். "மேடம், அக்கா பண்ணியிருக்க மாட்டா. அவ கரப்பான்பூச்சியைக்கூட முறத்துல வாரி வெளிய விடுவா. எனக்கு வேற யாரும் இல்ல மேடம்."

"தெரியும்," என்றார் மேடம். "அதனாலதான் உனக்குப் புது ஷூ வாங்கப் போறோம்."

செருப்புக் கடையில் மதியத்தின் மந்தம். தோலும் பசையும் கலந்த வாசனை. முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரிகிற கண்ணாடிகள், ஷூ மாட்டும்போது காலை வைக்கிற சரிவான முக்காலிகள், சுவர் முழுக்க நீலப் பெட்டிகள். கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி, ஆள் நுழையும்போதே முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார்.

"டாக்டர், சாரை கவனிங்க," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

வால் மேடத்தைப் பார்த்தான். மேடம் சாக்ஸ் பாக்கெட்டுகளைப் பார்த்தார்.

"எங்க சேல்ஸ்மேன்தாங்க," என்று முதலாளி பெருமையாகச் சிரித்தார். "காலைத் தொட்டுப் பார்த்தே என்ன வியாதின்னு சொல்லிடுவார். அதான் நானே டாக்டர்னு பேர் வெச்சுட்டேன்."

வந்தவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். நரைத்த தலை, சுத்தமாக வெட்டிய நகம், மடிப்புக் கலையாத சீருடை. சரிவு முக்காலியை இழுத்துப் போட்டார். ஆனால் அதில் உட்காரவில்லை. தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, வாலின் பாதத்தைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டார். வாலின் சாக்ஸில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் குதிகாலை மெல்ல அழுத்தினார்.

"காலையில எழுந்து முதல் அடி வைக்கும்போது சுருக்குனு வலிக்குதா சார்?"

"ஆமாங்க," என்றான் வால். நடிக்க வந்தவன் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"தட்டையான செருப்பு போடாதீங்க. வெறுங்காலோட நிக்காதீங்க. கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

அவர் ஒரு பழுப்பு நிற ஷூவை மாட்டி, லேஸைக் கட்டினார். விரல்கள் போன வேகத்தில் வாலுக்கு ஒன்றும் தெரியவில்லை. முடிந்த பிறகு குனிந்து பார்த்தான். உள்ளே இரண்டு சுற்று. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் முகம் கண்முன் வந்தது.

"பெரிய டாக்டர் இங்கதான் ஷூ வாங்குவாராமே," என்றார் மேடம், சாக்ஸைத் தடவியபடி. "பாவம், போயிட்டார்."

"கேள்விப்பட்டேன் மேடம்."

"அவங்க நர்ஸ்தான் டீயில கலந்துட்டாளாம்."

"அப்படியா," என்றார் சேல்ஸ்மேன். கை மற்ற ஷூவின் லேஸைக் கோத்துக்கொண்டிருந்தது, கொஞ்சம்கூட நடுங்கவில்லை. ஒரு குடும்பமே தெருவுக்கு வரப்போகிற சேதியை, மழை வருமாம் என்பது போலக் கேட்டுக்கொண்டார். வாலுக்கு அந்த நரைத்த தலையில் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது. மேடம் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டான்.

"அவர் போட்டிருந்த ஷூல நீங்க கட்டின முடிச்சு அப்படியே இருக்கு," என்றார் மேடம்.

"இருக்கும் மேடம். இங்க வாங்கினா நான்தான் கட்டி விடுவேன். இந்தக் கடையில பாதி ஊர் காலுக்கு நான் முடிச்சு போட்டிருக்கேன்."

நியாயமான பதில். மேடம் முகத்தில் முதல் தடவையாக ஒரு சுணக்கம் தெரிந்ததை வால் கவனித்தான். முடிச்சு, கேஸைக் கடை வாசல் வரைக்கும் கொண்டுவந்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. சுவர்க் கடிகாரம் மட்டும் சாயந்திரத்தைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது.

"போட்டுக்கிட்டே போறீங்களா சார்?" என்றார் சேல்ஸ்மேன். வால் தலையாட்டினான். அவர் வாலின் பழைய ஷூ இரண்டையும் எடுத்து, ஒன்றுக்கொன்று எதிராகப் படுக்க வைத்து, புது ஷூ வந்த பெட்டியிலேயே வைத்து மூடினார். கேட்கக்கூட இல்லை. அந்தக் கடையின் வழக்கம் அது. கை தானாகச் செய்தது.

"நல்ல மரியாதைங்க," என்றான் வால், வேறு எதுவும் தோன்றாமல். "என் பழைய ஷூவுக்கு ஜன்மத்துல பெட்டி கிடைக்கும்னு நினைக்கல. பாவம் பெரிய டாக்டர், அவர் செருப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. கிளினிக்ல எந்த மூலையில..."

சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்றான். இன்று காலையில் முதல் வேலையாக மேடமும் அவனும் கிளினிக்கை மூலைமுடுக்கெல்லாம் துழாவியிருந்தார்கள். மேஜைக்கு அடியில் எடை பார்க்கும் மெஷின் இருந்தது, குப்பைக்கூடை இருந்தது. செருப்பு இல்லை. செருப்போடு போன மனுஷன், ஷூவோடு செத்துக் கிடந்தார். அந்தச் செருப்பு தானாக நடந்து போயிருக்காது.

மேடம் திரும்பினார். வாலைப் பார்த்தார். பரீட்சை ஹாலில் கடைசி பெஞ்சில் எதிர்பாராமல் ஒருவன் முதல் மார்க் வாங்கியது போல ஒரு பார்வை. அப்புறம் கல்லாப் பக்கம் போனார்.

"முதலாளி, பெரிய டாக்டர் கடைசியா வாங்கின மாடல், அதே சைஸ்ல ஒரு ஜோடி வேணுமே. கறுப்பு."

"அது ஸ்டாக் இல்ல மேடம்," என்று சேல்ஸ்மேன் எழுந்தார். இவ்வளவு நேரம் குனிந்தே இருந்தவர் நிமிர்ந்ததில் சற்று வேகம் இருந்தது.

"ஏன் இல்ல, இருக்கே," என்றார் முதலாளி. வந்த வியாபாரத்தை விடுகிற ஜாதி இல்லை அவர். "மேல் வரிசையில அந்த சைஸ் பெட்டி ஒண்ணு கண்ணுல பட்டுதே டாக்டர். நேத்து ஒட்டடை அடிக்கும்போது பாத்தேன்."

"அது டேமேஜ் சார். நான் எடுத்து வெச்சது."

"டேமேஜா இருந்தா தள்ளுபடில குடுத்துடுவோம். மேடம் நம்ம ஆளு."

சேல்ஸ்மேன் ஏணியை நோக்கி நகர்ந்தார். புது ஷூவைப் பழகுகிற சாக்கில் வால் குறுக்கே வந்து நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக லேஸ் தடுக்காமல் நின்றான். முதலாளி தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி, உச்சி வரிசையில் கையை விட்டு, ஒரு நீலப் பெட்டியைத் தலைக்கு மேலே பிடித்தபடி வெற்றியோடு இறங்கினார். மூடியைத் திறந்து மேடத்திடம் நீட்டினார்.

"அசல் தோல் மேடம். தொட்டுப் பாருங்க."

உள்ளே, ஒன்றுக்கொன்று எதிராக அழகாகப் படுத்திருந்தன, தேய்ந்துபோன இரண்டு ரப்பர் செருப்புகள்.

முதலாளி பெட்டியைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், விலையைச் சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார்.

மேடம் போனை எடுத்து இன்ஸ்பெக்டரை அழைத்தார். "உங்க ஆஸ்பத்திரி டாக்டரை மறுபடி பாக்கச் சொல்லுங்க. கையை இல்ல, காலை. கால் விரல்களுக்கு நடுவுல. பாத்துட்டு எனக்குச் சொல்லிட்டு, ஜீப்பை எடுத்துட்டு செருப்புக் கடைக்கு வாங்க."

சேல்ஸ்மேன் சரிவு முக்காலியில் உட்கார்ந்தார். வாடிக்கையாளர் கால் வைக்கிற இடத்தில் கை வைத்துக்கொண்டார்.

"கடை முழுக்கப் பெட்டி," என்றார் அமைதியாக. "அதுல ஒண்ணை யார் திறக்கப் போறாங்கன்னு நினைச்சேன். லீவு நாள்ல ஆத்துல போட்டுடலாம்னு இருந்தேன்."

"கால் மரத்துப்போனது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றார் மேடம்.

"அவன் வந்த ரெண்டாவது மாசமே. ஷூக்குள்ள அட்டைத் துண்டு ஒண்ணு தப்பி இருந்துச்சு. அவன் அதுமேல காலை வெச்சு நிக்கறான், முகத்துல ஒரு சின்ன மாற்றம் இல்ல. மத்தவன் காலை வெட்ட நாள் குறிக்கிற டாக்டர், தன் காலைப் பாக்கல." ஒரு சிரிப்பு வந்து பாதியில் போய்விட்டது. "காலுக்கு ஒத்துக்கற ஷூ வந்திருக்கு, கிளினிக்குக்கே கொண்டு வரேன்னேன். பின்வாசலைத் திறந்து வெச்சான். முன்னறையில நர்ஸ் இருந்தா. அவளுக்கு நான் வந்ததே தெரியாது. மருந்தும் நானே கொண்டு போனதுதான்."

"அவ பேர் அடிபடுதுன்னு தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க," என்றான் வால். அவன் குரலில் கிண்டல் துளிக்கூட இல்லை. "அவ எங்க அக்கா. உங்க தையலைப் பத்தி இன்னும் பெருமையாப் பேசறா."

சேல்ஸ்மேன் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னிக்கு டேபிள்ல தப்பு பண்ணினது அவன்," என்றார். "பழி என்மேல. எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம். அதைக்கூட முழுங்கிட்டு இங்க வந்து உக்காந்தேன். ஒரு நாள் வாசல்ல நிக்கறான். என்னை அடையாளமே தெரியாத மாதிரி வந்து காலை நீட்டினான். மாசா மாசம் வருவான். சைஸ் சொல்வான், வேற பேச்சு கிடையாது. பெட்டியோட வாங்கிட்டுப் போவான், போட்டுக்கவும் மாட்டான். என்னை மண்டி போட வெச்சுப் பாக்கவே வர்றவனை நான் என்ன பண்ணட்டும்?"

மேடம் சாக்ஸ் பாக்கெட்டை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"அந்தப் பெட்டி எல்லாம் அவர் வீட்டு அலமாரில இருக்கு. ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது சம்சாரத்துக்கிட்ட, இன்னிக்கு சொல்லிடறேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புவாராம். யார்கிட்ட, என்னன்னு அந்தம்மாவுக்குத் தெரியாது. இங்க வந்து உங்க முன்னாடி உக்காருவார். வாய் வராது. சும்மா எழுந்து போக முடியாதே, ஒரு ஷூவை வாங்கிட்டுப் போயிடுவார்."

சேல்ஸ்மேன் சுவரில் இருந்த நீலப் பெட்டிகளை ஏறிட்டுப் பார்த்தார்.

"உங்க பக்கம் பேசறதுக்கு உலகத்துல ஒரே ஒரு சாட்சி இருந்தார்," என்றார் மேடம். "அவரைத்தான் கொன்னுருக்கீங்க."

சேல்ஸ்மேனின் கை நடுங்க ஆரம்பித்தது. லேஸ் கட்டும்போது நடுங்காத கை. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு," என்றார், பிறகு நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார். "அன்னிக்கு ஊசியைப் போட்டு எடுத்துட்டேன். ஷூவை மாட்டி லேஸைக் கட்டிட்டிருந்தேன். அவன் என் தோள்ல கையை வெச்சான். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டான்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பேசாம இருங்க சார், கால் ஆடுதுன்னேன்."

மேடத்தின் போன் ஒலித்தது. அவர் கேட்டார், சரி என்றார், வைத்தார். ஊசித்தடம் இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஜீப் வந்து நின்றபோது சேல்ஸ்மேன் தானாகவே எழுந்து, முக்காலியை அதன் இடத்தில் தள்ளி வைத்துவிட்டுப் போனார். முதலாளி வாழ்க்கையில் முதல் தடவையாகப் பில் கேட்க மறந்தார்.

ஸ்டேஷன் படியில் அக்கா இறங்கி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்ததில் புடவை கசங்கி, முகம் வாடியிருந்தது. வாலுக்கு நூறு வார்த்தை வாய்வரைக்கும் வந்தது.

"சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

"ம். இன்ஸ்பெக்டர் டீ வாங்கிக் குடுத்தார். அவர் முதல்ல குடிச்சுக் காட்டினார்." அக்கா சிரிக்கப் பார்த்து, முடியாமல், அவன் காலைப் பார்த்தாள். "என்னடா இது, உன் லேஸ் ஒழுங்கா இருக்கு?"

பார்த்துக்கொண்டே இருந்தவளின் முகம் மாறியது. இரண்டு சுற்று. யார் கை என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜீப்பிலிருந்து யாரை இறக்கினார்கள் என்பதை உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள்.

"அவிழவே மாட்டேங்குதுக்கா," என்றான் வால். "வழியெல்லாம் முயற்சி பண்ணிட்டேன். கத்தரிக்கோல் இருந்தா வெட்டிடலாம்."

"வெட்டாதே. இதுக்கு ஒரு நுனி இருக்கு, அதை இழுக்கணும். நான் அவிழ்க்கறேன்." அக்கா படியில் பையை வைத்துவிட்டு, அவன் கால்மாட்டில் மண்டி போடக் குனிந்தாள்.

வால் அவள் இரண்டு தோளையும் பிடித்து நிமிர்த்தினான்.

"நீ எழுந்திரு. யாரும் யார் காலையும் தொட வேண்டாம். வா, வீட்டுக்குப் போலாம்."

முடிச்சைத் தொடாமல், ஆஸ்பத்திரி ஆட்கள் செய்தது போலவே, இரண்டு ஷூவையும் காலிலிருந்து உருவி மேடத்திடம் கொடுத்தான். மேடம் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் காரின் பின்சீட்டில் வைத்தார். கட்டைவிரல் எட்டிப் பார்க்கும் சாக்ஸோடு, அக்காவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வால் படியிறங்கினான். வெறுங்காலோடு நிற்காதே என்று மதியம்தான் ஒரு நல்ல டாக்டர் சொல்லியிருந்தார். குதிகால் சுருக்கென்றது.